மிஸ்தஹுக்கு நின்றுபோன உதவி



மன்னிப்பு என்றதும் மக்கா வெற்றி நாள் நம் நினைவுக்கு வருகிறது. அன்று மன்னிக்கப்பட்டது ஓர் ஊர். சொந்தக் குடும்பத்துக்குள் மன்னிப்பதோ அதைவிடக் கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பனூ முஸ்தலிக் போரிலிருந்து (ஹிஜ்ரி 6, 5 என்பாரும் உளர்) திரும்பும் வழியில், தொலைந்த கழுத்து மாலையைத் தேடச் சென்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் படையினரை விட்டுப் பிந்திவிட்டார்கள். அதை வைத்து நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பினர். அதைப் பரப்பியவர்களுள் மிஸ்தஹ் இப்னு உஸாஸாவும் ஒருவர். அவர் யாரெனச் சற்று கவனியுங்கள். அபூபக்ர் (ரலி) அவர்களுடைய தாயின் சகோதரி மகளுக்குப் பிறந்தவர், ஏழை முஹாஜிர், பத்ரில் போரிட்டவர். அபூபக்ர் (ரலி) அவர்களின் செலவில் வாழ்ந்தவர். உண்ட வீட்டின் மகளைப் பற்றியே பேசிவிட்டார்!

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தே அன்னையின் தூய்மையை அறிவித்து வஹீ வந்தது. அப்போது அபூபக்ர் (ரலி) அவர்கள், இனி மிஸ்தஹுக்கு எதுவும் செலவிடுவதில்லை எனச் சத்தியம் செய்தார்கள். ஏசவில்லை, அடிக்கவில்லை, தம் பொருளை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவே. நம்முள் யார் இதைக் குறை கூறுவோம்?

ஆயினும் ஸூரத்துந் நூரின் 22-ஆம் வசனம் இறங்கியது. மிஸ்தஹ் குற்றமற்றவர் என்று அது கூறவில்லை; அவதூறுக்குரிய கசையடி அவருக்கும் வழங்கப்பட்டதாக ஹதீஸ்கள் உள்ளன. உறவினர், ஏழை, ஹிஜ்ரத் செய்தவர் ஆகியோருக்குக் கொடுப்பதில்லை எனச் சத்தியம் செய்வதை அவ்வசனம் தடுத்தது. அல்லாஹ்வின் மன்னிப்பை நீங்கள் விரும்பவில்லையா என்றும் வினவியது. விரும்புகிறேன் என்றார்கள் அபூபக்ர் (ரலி). உதவி மீண்டும் தொடங்கியது. இனி ஒருபோதும் நிறுத்துவதில்லை என்று மறு சத்தியமும் செய்தார்கள்.

"மனதார மன்னித்துவிட்டேன், ஆனால் அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்" என்கிறோமே, அதற்கு இங்கே இடமேது? அவர்களின் மன்னிப்பு மிஸ்தஹின் வீட்டுக்கு உணவாகச் சென்று சேர்ந்தது.

அல்லாஹ்வின் வேதத்தில் மிகுந்த நம்பிக்கையூட்டும் வசனம் இதுவே என்றார்கள் இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்).

அவதூறில் சிக்கிய இன்னொருவர் கவிஞர் ஹஸ்ஸான் (ரலி). பிற்காலத்தில் உர்வா (ரஹ்) அவரை ஏசியபோது, நபி (ஸல்) அவர்களுக்காக வாதாடியவர் அவர் என்று கூறித் தடுத்தவர்கள் அன்னை ஆயிஷா (ரலி). பார்வையிழந்த நிலையில் அவர் தேடி வந்தபோது, உள்ளே வரவும் அனுமதித்தார்கள்.