பட்டிப்பளை ஆற்றில் மின்பொறியியல்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மின்சார வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மலையகத்திற் தொடங்கி மலையகத்திலேயே முடித்துவிடுகின்றனர். காரணமின்றியன்று. டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரை, நம் அருவிகளின் மின்வலுவைக் கணக்கோடு எடுத்துக்காட்டியது. 1924இல் தொடங்கிய லக்சபான வேலைகள் இடையில் நின்றன. அவரோ ஓய்வுபெற்றபின், 1931இல் இரத்தினபுரி உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்று தம் திட்டத்துக்காக வாதாடினார். 25 மெகாவாற்று நிலையம் 1950இல் இயங்கியது; 1953இல் அவர் மறைந்தார். ஒரு பொறியியலாளரின் வாழ்நாள் முழுவதையும் விழுங்கிய திட்டம் அது.

அதே ஆண்டுகளிற் கிழக்கிலும் ஒரு பெருங்கட்டுமானம் எழுந்தது. கல்லோயா என இன்று வழங்கும் பட்டிப்பளை ஆற்றின் குறுக்கே, இங்கினியாகலையில், 1949இல் அணை கட்டத் தொடங்கினர். ஒப்பந்தகாரர் மொரிசன் நூட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம். கொலராடோ ஆற்றின் ஹூவர் அணையைக் கட்டிய கூட்டு நிறுவனங்களுள் ஒன்று. ஏறத்தாழ 3,600 அடி நீளமான இவ்வணை தேக்கிய நீரே சேனாநாயக்க சமுத்திரம். அணையடியில் ஏறத்தாழ 11 மெகாவாற்று வலுவுள்ள மின்நிலையமும் அமைந்தது.

எண்ணிக்கையிற் சிறியதாயினும், இந்நிலையம் ஒரு வகையில் லக்சபானவைவிடச் சிக்கலானது. லக்சபான திட்டத்தின் முதல் நோக்கம் மின்சாரம். இங்கினியாகலையிலோ நீருக்கு எசமானன் வயலே. மின்வலு இரண்டு அளவுகளைப் பொறுத்தது: நீர் விழும் உயரம், பாயும் அளவு. உயரத்தை மழை தீர்மானிக்கும். பாய்ச்சலைக் கமக்காரரின் நாட்காட்டி தீர்மானிக்கும். மாரியிற் குளம் நிரம்பி நீர்மட்டம் உயர்ந்திருக்க, மழையில் நனைந்த வயல்களுக்கு மடைநீர் அதிகம் வேண்டியதில்லை. கோடையிற் சிறுபோகத்துக்கு நீர் தாராளமாக விடப்படும். ஆயின் மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். இரண்டும் ஒருசேர வாய்ப்பது அரிது. அறுவடைக்கு வயல் காயவேண்டுமெனில், நகரத்தில் விளக்குகள் எரியவேண்டுமென்பதற்காக மடையைத் திறக்க முடியுமா? பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் போடியார்களும் வட்டவிதானைமாரும் பேசி முடிவுசெய்யும் நாட்களுக்கு மின்பொறியியலாளர் தம் சுழலிகளை இசைவிக்கவேண்டியிருந்தது. பொறியியற் கல்லூரிகள் இதனை அதிகம் கற்பிப்பதில்லை என்பது என் எண்ணம்.

அணையின் பயனைக் கரையோரம் முழுமனதோடு கொண்டாடியது என்று எழுதுவதும் நேர்மையாகாது. சம்மாந்துறை, நிந்தவூர், கல்முனைப் பகுதி முஸ்லிம்களும் தமிழரும் அணைக்கு முன்பே நெல் விளைவித்தவர்கள். வெள்ளமும் வறட்சியும் அவர்களை மாறிமாறி வாட்டின. அணை அவ்விரண்டையும் தணித்தது. ஆனால், அதனோடு வந்த குடியேற்றம் நிலப்பங்கீடு பற்றிய ஆழ்ந்த மனக்குறையையும் கொணர்ந்தது. 1956 யூன் மாதக் கலவரம் கல்லோயாப் பள்ளத்தாக்கிலேயே உயிர்களைப் பலிகொண்டது. மெகாவாற்றுக் கணக்கேட்டில் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாற்று உற்பத்தி செய்யும் இந்நாளில், இங்கினியாகலையின் பங்கு ஒரு மூலைக்குறிப்பாகிவிட்டது. எனினும், சிறுபோகத்துக்கு மடை திறக்கும் நாளில் சுழலிகள் வேகங்கொள்கின்றன. அவற்றைச் சுழற்றிவிட்ட நீர், கரையோர வட்டைகளை நோக்கி வாய்க்கால்களில் இறங்குகின்றது.