தண்டின் உள்ளமைப்பு

தாவரத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் திசுக்களின் ஒழுங்கையே தண்டின் உள்ளமைப்பு என்கிறோம். இளந்தண்டில் வெளியே புறத்தோல், அதை ஒட்டிப் புறணி, அதற்குள் நீரை மேலேற்றும் சைலமும் உணவைக் கொண்டு செல்லும் ஃபுளோயமும் சேர்ந்த வாஸ்குலார் கற்றைகள். இருவித்திலைத் தாவரங்களில் இக்கற்றைகள் வளையமாக நிற்கும்; ஒருவித்திலைத் தாவரங்களில் சிதறிக் கிடக்கும்.

தண்டின் உள்ளே நோக்கும் பழக்கம் நுண்ணோக்கிக்கு மிகவும் முந்தியது. கிரேக்கத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே தியோபிராஸ்டஸ் பட்டை, கட்டை, நடுச்சோறு என்று பிரித்து எழுதினார். தொல்காப்பிய மரபியலோ தண்டில் வைரம் என்னும் கடினப் பகுதி இருக்கும் இடத்தை வைத்தே தாவரங்களை வகுத்தது: புறத்தே வைரம் உடையவை புல், அகத்தே வைரம் உடையவை மரம். இலக்கண நூலுக்குள் இருப்பதாலேயே இந்தத் தாவரவியல் கவனிப்பு உரிய பெருமையைப் பெறவில்லை. பனை இவ்வகுப்பில் புல்லாகும். அதன் கற்றைகள் விளிம்பில் நெருங்கியும் நடுவில் அருகியும் இருக்கின்றன. விளிம்புக் கற்றைகளின் நார்ச் செல்கள் தடித்து இறுகுகின்றன. வீட்டுக் கூரைக்குப் பனையின் வெளிப்பகுதியை அறுத்தெடுத்து, சோற்றை ஒதுக்குவது இதனால்தான். வேம்பிலும் தேக்கிலும் நடப்பது வேறு. அங்கே சைலத்துக்கும் ஃபுளோயத்துக்கும் இடையிலுள்ள வளர்திசுவான கேம்பியம் உள்பக்கமாகப் புதுச் சைலத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. நடுவிலுள்ள பழைய சைலம் நீர் கடத்துவதை நிறுத்தி வைரம் பாய்கிறது.

1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கி வழியே தக்கையின் சீவலில் சிற்றறைகளைக் கண்டார். 1671இன் இறுதியில் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி, இங்கிலாந்தின் நெகேமியா குரூ ஆகிய இருவரின் ஆய்வுகளும் லண்டன் ராயல் கழகத்தை ஏறக்குறைய ஒரே வேளையில் எட்டின. தண்டின் குறுக்குவெட்டைக் குரூ வரைந்த படங்கள் இன்றும் வியக்கவைப்பவை. அவரது பெருநூல் 1682இல் வந்தது. மால்பிகி தண்டிலிருந்து பட்டையை வளையமாக உரித்தெடுத்தார். உரித்த இடத்துக்கு மேற்பகுதி வீங்கியது. இலையில் பக்குவமாகும் உணவு பட்டை வழியே கீழிறங்குகிறது என்று அவர் முடிவு கட்டினார். இத்துறையின் மிகச் சிறந்த சோதனை இதுவே எனலாம். கத்தி ஒன்றே போதும், இன்றும் எவரும் செய்து பார்க்கலாம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் தேஃபோந்தேன், பனைக் குடும்பத்தின் தண்டும் இருவித்திலை மரங்களின் தண்டும் அடிப்படையிலேயே வேறானவை என்று காட்டினார். 1837இல் தியோடார் ஹார்ட்டிக் ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய்களைக் கண்டறிந்தார். சைலம், ஃபுளோயம் என்ற பெயர்கள் 1858இல் கார்ல் நேகெலி இட்டவை. கடத்தும் திசுக்கள் முழுவதையும் ஸ்டீல் என்ற ஒரே தூணாகக் கருதும் கொள்கையை 1886இல் வான் டீகெம் முன்வைத்தார்.

அத்தூணின் பழைய வடிவம் ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரருகே கல்லில் கிடைத்தது. 1917 முதல் கிட்ஸ்டனும் லாங்கும் விவரித்த ரைனியா, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. வேரோ இலையோ இல்லாத அதன் தண்டின் மையத்தில் மெல்லிய கடத்தும் இழை மட்டும் ஓடுகிறது.

சர்க்கரை பீட் பயிரைத் தாக்கும் வைரஸ் ஃபுளோயத்தோடு கொண்டுள்ள உறவை ஆராயப் புகுந்து, அத்திசுவின் தலைசிறந்த அறிஞரானவர் கேத்தரின் ஈசா. 1953இல் வெளியான அவருடைய தாவர உள்ளமைப்பியல் நூல், தண்டைப் பயில்வோருக்கு இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது.