பச்சிளம் குழந்தைக்கு எந்தப் பால், எந்த உணவு பாதுகாப்பானது? ஆஸ்திரேலியா தரும் பாடங்கள்

சிட்னியின் வென்ட்வொர்த்வில், டூங்காபி பகுதிகளிலும் மெல்பர்னின் டாண்டினோங் பகுதியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் குழந்தை பிறந்தால், பேறுகாலம் பார்க்கப் பாட்டி ஊரிலிருந்து வந்து சேர்வது வழக்கம். சேனை வைக்கத் தேன், வயிற்று உப்புசத்துக்கு வசம்பு, தாய்ப்பால் போதாவிட்டால் நீர் கலந்த பசும்பால் என்று அவர் கூறும் வழிமுறைகள் பலவற்றை உள்ளூர் தாதி ஒப்புக்கொள்வதில்லை. இரு தரப்புக்கும் இடையே நிற்கும் இளந்தாய் யார் சொல்வதைக் கேட்பது?

ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட குழந்தை உணவூட்டல் வழிகாட்டுதல்கள், ஏறத்தாழ 6 மாதங்கள் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது என்கின்றன. அதன் பின்னர் திட உணவுடன் 12 மாதங்கள் வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். தாய்ப்பால் கொடுக்க இயலாத நிலையில் முதல் 12 மாதங்களுக்கு மாற்றாக அந்நாடு ஏற்றுக்கொள்வது, குழந்தைகளுக்கென்றே தயாரிக்கப்படும் பால்மா ஒன்றை மட்டுமே.

பசும்பாலுக்கு ஏன் தடை?

பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. புரதமும் உப்புகளும் இளஞ்சிறுநீரகத்துக்குச் சுமையாகும் அளவுக்கு அதிகம். அதையே முக்கிய ஆகாரமாகக் குடிக்கும் குழந்தைக்கு இரத்தசோகை ஏற்படலாம். ஆகவே 12 மாதங்களுக்கு முன் பசும்பாலை முக்கிய பானமாகக் கொடுக்கக் கூடாது. 6 மாதங்களுக்குப் பின்னர் தயிராகவோ, சமைத்த உணவில் சிறிதளவாகவோ சேர்ப்பதில் தவறில்லை. ஆட்டுப்பாலில் ஃபோலேட் சத்தும் குறைவு என்பதால் அதுவும் தகுந்த மாற்றல்ல. கொழுப்பு நீக்கிய பால் 2 வயது வரை கூடாது.

இவ்விடயத்தில் உலகம் முழுவதும் ஒரே கருத்து நிலவவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். தாய்ப்பால் பெறாத 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்குப் பால்மா அல்லது விலங்குப் பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பால்மா வாங்க வசதியற்ற நாடுகளையும் கருத்தில் கொண்டது அது. ஆஸ்திரேலியாவின் பரிந்துரையோ கடுமையானதாகவே உள்ளது. எனினும் 6 மாதங்களுக்குக் குறைந்த குழந்தைக்குப் பசும்பால் ஆகாது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை.

காய்ச்சாத பால்

2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விக்டோரியா மாநிலத்தில் ஐந்து சிறு குழந்தைகள் கடுமையாக நோயுற்றனர். அவர்களில் 3 வயதுக் குழந்தை ஒன்று உயிரிழந்தது. குளிப்பதற்கான பால் என்று எழுதப்பட்டு விற்கப்பட்ட, பாஸ்டரைஸ் செய்யப்படாத பசும்பாலை அவர்கள் அருந்தியிருந்தனர். குடிப்பதற்காகக் காய்ச்சாத பசும்பாலை விற்பது ஆஸ்திரேலியாவில் சட்டவிரோதம் என்பதால், அழகுசாதனப் பொருள் என்ற பெயரில் அது கடைகளுக்கு வந்திருந்தது. இத்தகைய பாலில் கசப்புப் பொருளைச் சேர்க்க வேண்டும் என்று விக்டோரியா அரசு 2015இல் விதி கொண்டுவந்தது.

கறந்த பாலை வீட்டில் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் தமிழ் வழக்கம் இங்கு அறிவியலுடன் ஒத்துப்போகிறது. காய்ச்சினால் சத்து போய்விடும் என்ற புதிய நம்பிக்கைதான் ஆபத்தானது.

குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு

இயற்கையானது என்பதால் மட்டும் ஓர் உணவு குழந்தைக்குப் போதுமானதாகிவிடாது என்பதைச் சிட்னி நீதிமன்றம் ஒன்றில் நடந்த வழக்கு உணர்த்தியது. விலங்குப் பொருட்களை முற்றிலும் தவிர்த்து, ஓட்ஸ், அரிசிப் பால் போன்றவற்றைக் கொண்டு வளர்க்கப்பட்ட பெண் குழந்தை, 19 மாத வயதில் 5 கிலோவுக்கும் குறைந்த எடையுடன், எலும்புகள் வலுவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு பெற்றோருக்குச் சிறைக்கு வெளியே அனுபவிக்கும் 18 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது.

சைவ உணவே தவறு என்பது இதன் பொருளல்ல. அரிசி, ஓட்ஸ், பாதாம், தேங்காய் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் பால்கள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ பால்மாவுக்கோ ஈடாகா என்பதே இதன் பாடம். அரிசிக் கஞ்சி நீருக்கும் இது பொருந்தும். அரிசிப் பாலில் உள்ள ஆர்செனிக் காரணமாக, நாலரை வயது வரை அதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2009இல் அறிவுறுத்தியது. மரக்கறி உணவு மட்டும் உண்ணும் தாய்க்கு வைட்டமின் பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் அது குறையும். இரத்தப் பரிசோதனையும் தேவையானால் மாத்திரையும் இதற்கு எளிய தீர்வாகும்.

அளவு மிகுவதும் ஆபத்தே. கடற்பாசி சேர்த்துத் தயாரிக்கப்பட்ட பொன்சோய் என்ற சோயா பாலில் அயோடின் அளவுக்கு அதிகமாக இருந்தது கண்டறியப்பட்டு, 2009 டிசம்பரில் அது ஆஸ்திரேலியக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தைராய்டு பாதிப்புக்குள்ளான ஏறத்தாழ 500 பேர் சார்பில் தொடரப்பட்ட வழக்கு, 2014இல் இரண்டரைக் கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டுடன் முடிவுற்றது. தாய் உட்கொள்ளும் அயோடின் தாய்ப்பால் வழியே குழந்தையையும் சென்றடையும்.

2015இல் தொலைக்காட்சிச் சமையற்கலைஞர் பீட் எவன்ஸ் உள்ளிட்ட மூவர் எழுதிய குழந்தை உணவு நூலில், பால்மாவுக்குப் பதிலாக எலும்புச் சாறும் ஈரலும் கொண்ட செய்முறை இடம்பெற்றிருந்தது. அதிலுள்ள வைட்டமின் ஏ பாதுகாப்பான அளவைவிடப் பன்மடங்கு அதிகம் என்றும், குழந்தை இறக்கவும் கூடும் என்றும் பொதுச் சுகாதார வல்லுநர்கள் எச்சரித்தனர். அதையடுத்து பதிப்பகம் அந்நூலைக் கைவிட்டது.

ஒவ்வாமை: தலைகீழான அறிவுரை

நிலக்கடலை, முட்டை போன்றவற்றைத் தாமதப்படுத்தினால் ஒவ்வாமை வராது என்றே நீண்டகாலம் கருதப்பட்டது. மெல்பர்னின் மர்டோக் குழந்தைகள் ஆய்வு நிலையம் 5,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடையே நடத்திய ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளியாயின. அந்நகரில் ஒரு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு மேல் உணவு ஒவ்வாமை இருப்பது அதில் உறுதியானது. லண்டனில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு நிலக்கடலையை முன்னதாகவே கொடுத்தால் அதற்கான ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைவதைக் காட்டியது.

இதையடுத்து ஆஸ்திரேலியாவின் அறிவுரை மாறியது. ஏறத்தாழ 6 மாதத்தில் திட உணவைத் தொடங்கி, நன்கு வேகவைத்த முட்டையையும், மழமழப்பாக அரைத்த நிலக்கடலை விழுதையும் ஒரு வயதுக்குள் கொடுக்க வேண்டும் என்பதே அது. கடுமையான கரப்பான் அல்லது ஏற்கனவே ஒவ்வாமை உள்ள குழந்தையாயின் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். முழுக் கடலை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும் என்பதால் குறைந்தது 3 வயது வரை அதைக் கொடுக்கக் கூடாது.

பாட்டி வைத்தியத்தில் எது நல்லது?

தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள், குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கலாம். இது அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. எனவே 12 மாதங்கள் வரை சேனைக்கும் தேன் கூடாது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை உடையது என்பதால் அதையும் உள்ளுக்குக் கொடுக்காதிருப்பதே நல்லது. சர்க்கரை நீர், தேநீர், பழச்சாறு ஆகியவையும் தவிர்க்கப்பட வேண்டியவை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 6 மாதம் வரை தண்ணீரும் தேவையில்லை.

அதேசமயம் குழைய வேகவைத்த பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ், இட்லி, மசித்த வாழைப்பழம், முள் நீக்கிய மீன் ஆகியன 6 மாதங்களுக்குப் பின்னர் பொருத்தமானவையே. உப்பும் சர்க்கரையும் சேர்க்காமல், பருப்பு, இறைச்சி, முட்டை போன்ற இரும்புச்சத்துள்ள உணவுகளை முதலில் தொடங்குவது அவசியம். தாய்க்கு வைட்டமின் டி குறைவாக இருந்தால், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாள்தோறும் 400 அலகுகள் கொடுக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். கருமையான தோலும் மெல்பர்னின் குளிர்கால வெயிலும் இக்குறைபாட்டை எளிதில் உண்டாக்கும்.

பால்மாவும் வணிகமும்

2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பால்மாவால் 6 குழந்தைகள் இறந்து, ஏறத்தாழ 3 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். அதன்பின் ஆஸ்திரேலியப் பால்மாவுக்குச் சீனாவில் பெரும் கிராக்கி ஏற்பட்டது. 2015இன் இறுதியில் சிட்னி, மெல்பர்ன் கடைகளின் அடுக்குகள் காலியாகி, ஒருவருக்கு இத்தனை டின்கள் என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

விலை கூடிய டின் சிறந்தது என்ற எண்ணம் தவறானது. அங்கு விற்கப்படும் குழந்தைப் பால்மா அனைத்தும் ஒரே உணவுத் தரச் சட்டத்துக்கு உட்பட்டவையாகும். ஒரு வயதுக்கு மேற்பட்டோருக்கென விற்கப்படும் பால்மா, ஆரோக்கியமான குழந்தைக்குத் தேவையற்றது. தாய்ப்பாலுக்கு மாற்றானவற்றின் விளம்பரத்தை இந்தியா 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடை செய்தது. ஆஸ்திரேலியாவோ அதே ஆண்டில் நிறுவனங்களின் விருப்ப உடன்பாட்டையே நம்பியது. அந்த உடன்பாட்டை நீடிக்க 2025இல் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் மறுத்துவிட்டது.

பால்மாவைக் கரைக்கும்போது கொதிக்கவைத்து ஆறிய நீரையும், அந்த டின்னில் உள்ள கரண்டியையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். சிக்கனத்துக்காக நீரைக் கூட்டுவதும், கொழுகொழுவென வளர மாவைக் கூட்டுவதும் தீங்கானவை. குடித்து எஞ்சியதை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும்.

ஐயமுள்ள பெற்றோர் விக்டோரியாவில் 13 22 29 என்ற தாய்சேய் நல எண்ணை இரவுபகல் எந்நேரமும் அழைக்கலாம். நாடெங்கும் 1800 686 268 என்ற எண்ணில் ஆஸ்திரேலியத் தாய்ப்பாலூட்டல் சங்கம் உதவுகிறது. ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அந்த உரையாடலைப் பாட்டியையும் அருகில் அமர்த்திக்கொண்டு நடத்துவது, வீட்டின் விவாதத்தைத் தீர்க்கவும் உதவக்கூடும்.