ஔகாரத்தின் வலக்குறி

நாஞ்சில் நாட்டுப் பெண்கள் ஆடிச் செவ்வாய்க்கிழமைகளில் கூழும் கொழுக்கட்டையும் படைத்து வழிபடும் தெய்வம் ஔவையாரம்மன். தாழக்குடிப் பகுதியில் அவ்வம்மைக்குக் கோயிலும் உண்டு. அப்பெயரின் முதலெழுத்துக் கணிப்பொறிக்குள் புகுந்தபோது பெற்ற மாற்றம் எழுத்தாராய்ச்சியாளர்க்கு மட்டுமன்றிக் கவிஞர்க்கும் உரிய செய்தியாகும்.

ஔ என்பது கண்ணுக்கு ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து நிற்பதாகவே தோன்றும். கௌ, வௌ முதலியவற்றின் வலக்குறியும் அத்தகையதே. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ளகர விசையே அவ்வேலையையும் பார்த்தது. தாளில் பதியும் மை ஒன்றாதலின் அதனால் கேடு விளையவில்லை; குறையைப் படிப்பவர் அறிவு நிரப்பிற்று. படிப்பவரை நம்பி எழுதும் இவ்வழக்கம் பழமையானது. புள்ளியிடாமலும், எகர ஏகாரங்களை வடிவால் வேறுபடுத்தாமலும் வெட்டப்பட்ட பழங்கல்வெட்டுகள் மிகப் பல. சொல்லறிவும் யாப்பறிவும் உடையவரே அவற்றைப் பிழையறப் படித்தனர். தேரூர் தந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876-1954) கவிஞராகவும் கல்வெட்டாராய்ச்சியாளராகவும் விளங்கியது தற்செயலன்று எனலாம்.

கணிப்பொறிக்கு அவ்வறிவு இல்லை. அது காண்பது எண்களை மட்டுமே. 1991இல் முதற்பதிப்பாக வெளிவந்த ஒருங்குறி, இந்திய எழுத்துகளுக்கென அமைந்த இஸ்கி குறியீட்டைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. தமிழக அரசு 2010இல் அதனை ஏற்றது. அதில் ளகரத்தின் எண் 2995. ஔகார வலக்குறியின் எண் 3031. ஔ முழுமையாக 2964 என்னும் எண்ணும் பெற்றுள்ளது. ஒகரத்தோடு (2962) வலக்குறியைச் சேர்த்தாலும் அது ஔகாரமே என்பது ஒருங்குறியின் விதி. ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்தால் மட்டும் ஆகாது. ஒரே வடிவிற்கு இரண்டு எண் எதற்கு என்று கேட்டவர் உண்டு. ஒலி இரண்டாயிற்றே!

உயிர்மெய்யிலும் ஒருங்குறி ஒலியையே பின்பற்றியது. கௌ என்பதில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முன்னே நின்றாலும், ககரம் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் பதிவாகின்றன. மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் என்னும் தொல்காப்பிய நூன்மரபு முறையும் இதுவே.

ஔவை என்பது நேர்நேர், தேமா. ளகரமிட்டு எழுதிய 'ஒளவை' கணிப்பொறிக்கு நிரைநேர், புளிமா. வெண்பாவில் விளச்சீரை அடுத்து நேரசை வரவேண்டிய இடத்தில் நிரை நிற்கத் தளை தட்டுகிறது. இவ்வாறே கூவிளமான கௌதமன், 'கெளதமன்' என்றானால் கருவிளமாகிவிடும். யாப்புப் பார்க்கும் மென்பொருளிடம் பாடலைக் கொடுத்தவர், பிழை தம்முடையதென்றே எண்ணி நல்ல சீரை மாற்றிவிடவும் கூடும். நன்னூல் வழி அவ்வை என்று போலியாக எழுதினாலும் தேமா தேமாவாகவே நிற்கும் என்பது நினைக்கத்தக்கது. இலக்கணம் அனுமதித்த மாற்றம் ஓசையைக் காத்தது. விசை தந்த மாற்றம் அதனைக் கெடுத்தது.

அகரவரிசையிலும் தொல்லையே. ஓகாரச் சொற்களின் பின் வரவேண்டிய ஔவை, ஒகரச் சொற்களிடையே போய் ஒளிந்துகொள்கிறாள். ஔகாரமிட்டுத் தேடுவோர்க்கு அகப்படுவதில்லை.

1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை ஔகாரத்திற்குத் தனி விசை தந்தது. ஆயினும் தட்டச்சில் பழகிய விரல்கள் எளிதில் மாறவில்லை. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட நூல்களிலும் இப்பிழை மலிந்துள்ளது. கொம்பையும் ளகரத்தையும் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக்கிவிடலாம் என்பது சிலர் கூறும் எளிய தீர்வு. அவ்வாறு செய்தால் 'வெளவால்' வௌவாலாகத் திருந்தும். ஆனால் நாஞ்சில் நாட்டுப் பேச்சுமொழியில் எழுதப்பட்ட கதையில் பாட்டி ஏற்றும் 'வெளக்கு'ம் அதனுடன் 'வௌக்கு' ஆகிவிடும். அவ்விரண்டையும் பிரித்தறிய, மெய்ப்புப் பார்ப்பவர் அப்பேச்சைக் கேட்டறிந்தவராக இருத்தல் வேண்டும்.