இணையான பாடம் இல்லை

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு நீல ஃபைல் ரொம்ப நாள் கிடந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் மூன்று வருடம் நான் படித்த எல்லாப் பாடங்களின் சிலபஸ்களும் அதில் இருந்தன. கூடவே ஒரு பிரிண்ட் அவுட். இடது பக்கம், நான் போய்ச் சேர வேண்டிய பல்கலைக்கழகம் கணினி அறிவியலுக்குக் கேட்கும் பாடங்கள். வலது பக்கம், எங்கள் காலேஜில் அவற்றுக்கு ஈடான பாடங்கள். நான்காவது வரியில் மட்டும் வலது பக்கம் பாடத்தின் பெயர் இல்லை. இணையான பாடம் இல்லை என்று எழுதியிருந்தது.

அந்த வரியின் விலை ஒரு வருடம். அது எப்படி அங்கே வந்தது என்று தேடிப்போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

2014இல், எனக்குப் பதினெட்டு வயதாகும்போது, மாமா போட்ட மனுவில் எங்கள் குடும்பத்துக்கு கிரீன் கார்டு கிடைத்து பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். அப்பா அங்கே ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். நான் முதல் வருடம் படிக்கவில்லை. மாநிலத்தில் ஒரு வருடம் வசித்தால்தான் உள்ளூர்வாசிக் கட்டணம். இல்லாவிட்டால் பல மடங்கு. அதனால் ஒரு வருடம் கிடங்கில் பெட்டி தூக்கினேன். அதன் பிறகு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். குடும்ப வருமானத்தைப் பார்த்து அதையும் தள்ளுபடி செய்தார்கள். பிளஸ் டூ மார்க்கையோ நுழைவுத் தேர்வையோ யாரும் கேட்கவில்லை. வந்தாயா, உட்கார். இப்படி ஒரு கல்லூரி உலகத்தில் இருக்கிறது என்பதை நம்பவே எனக்குச் சில வாரங்கள் ஆனது.

மாமாதான் தெம்பு கொடுத்தார். "மருமவனே, இது நம்ம பாலிடெக்னிக் மாதிரிதான். நான் டிப்ளமோ முடிச்சிட்டு நேரா பி.இ. செகண்ட் இயர்ல போய் உக்காரலையா? நீ இங்க ரெண்டு வருசம், அங்க ரெண்டு வருசம். கத முடிஞ்சிது." மாமா சொன்ன கணக்கு நம்மூருக்குச் சரி. அங்கே டிப்ளமோவை முழுசாக ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு ஒரு வருடத்தைக் கழித்துவிடுவார்கள். இங்கே கட்டைப் பிரித்து ஒவ்வொரு குச்சியாக எண்ணுவார்கள்.

இந்த எண்ணும் பழக்கத்துக்கு நூறு வருடத்துக்கும் மேல் வயது. 1892இல் திறக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் பட்டப்படிப்பையே இரண்டாக வெட்டினார். முதல் இரண்டு வருடம் ஜூனியர் காலேஜ், அடுத்த இரண்டு வருடம் சீனியர் காலேஜ். முதல் பாதி உயர்நிலைப் பள்ளியின் வால், உண்மையான பல்கலைக்கழகப் படிப்பு இரண்டாம் பாதியில்தான் என்பது அவர் எண்ணம். ஜெர்மனிப் பல்கலைக்கழகங்களைப் பார்த்து அமெரிக்காவும் ஆராய்ச்சிக்கு ஆசைப்பட்ட காலம் அது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் நடத்துவது பேராசிரியர்களுக்குச் சுமையாகத் தெரிந்தது. 1901இல், சிகாகோவுக்குப் பக்கத்து ஊரான ஜோலியட்டில், ஹார்ப்பரின் நண்பரான பள்ளித் தலைமையாசிரியர் ஸ்டான்லி பிரவுன் ஆறு மாணவர்களோடு ஒரு ஜூனியர் காலேஜைத் தொடங்கினார். கலிஃபோர்னியா 1907இல் உயர்நிலைப் பள்ளிகளே இப்படிக் கூடுதல் வகுப்புகள் நடத்தலாம் என்று சட்டம் போட்டது. 1910இல் ஃபிரெஸ்னோவில் முதல் கல்லூரி வந்தது.

ஏழைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்ற நல்லெண்ணமும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்தவர்களுக்கு, கூட்டத்தைத் தங்கள் வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கும் ஆசையும் இருந்தது. இரண்டையும் ஒரே கட்டடம் செய்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எண்ணிக்கை மாறியது. 1944ஆம் வருடச் சட்டம் ஒன்று போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்புச் செலவைக் கொடுத்தது. ட்ரூமன் அமைத்த குழு 1947இல், ஜூனியர் என்ற சொல்லைத் தள்ளிவிட்டு கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரைப் பரப்பியது. இனி நேராக 1960க்குப் போகலாம். என் நீல ஃபைல் பிறந்த வருடம் என்று அதைத்தான் சொல்வேன்.

அந்த வருடம் கலிஃபோர்னியா உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. பின்னணியில் முக்கியமான மூளை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர் கிளார்க் கெர். கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் பேட் பிரவுன். உயர்நிலைப் பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தகுதி உடையவர்கள். முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கு. மற்ற எல்லோருக்கும் ஜூனியர் காலேஜ், கட்டணம் இல்லாமல். அங்கே நன்றாகப் படித்தால் மூன்றாம் வருடத்தில் மேலே ஏறலாம். அப்படி ஏறுபவர்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்காக, பல்கலைக்கழகங்கள் தங்கள் முதலிரண்டு வருட மாணவர்களை 40 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும், மேல் வகுப்புகளில் 60 சதவீதம் இருக்க வேண்டும் என்று விகிதம்கூட எழுதிவைத்தார்கள். ஏழையின் மகன் இலவசமாக இரண்டு வருடம் படித்துவிட்டு பெர்க்லிக்குப் போகலாம் என்று ஒரு அரசாங்கம் காகிதத்தில் எழுதியது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது.

அதே 1960இல், பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சான் ஹோசேயில் இருந்த ஒரு ஜூனியர் காலேஜை உள்ளே இருந்து கவனித்து எழுதியது. சேரும்போது பெரும்பாலானவர்கள் மேலே போவோம் என்றுதான் சேர்கிறார்கள். போவது சிலர். மீதிப் பேருக்கு என்ன ஆகிறது? யாரும் அவர்களை வெளியே தள்ளுவதில்லை என்கிறார் கிளார்க். முதலில் தகுதித் தேர்வு. அப்புறம் கவுன்சிலரின் அறை. பிறகு உன் மதிப்பெண்ணையும் உன் ஆசையையும் நீயே பக்கத்தில் வைத்துப் பார் என்று சொல்லித்தரும் ஒரு வகுப்பு. கொஞ்சம் கொஞ்சமாக மாணவனே மனசை மாற்றிக்கொண்டு வேறு சின்ன இலக்கைத் தேர்ந்தெடுக்கிறான். தன்னை யாரோ தோற்கடித்தார்கள் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை.

இதற்கு கிளார்க் வைத்த பெயர் ஆறவைத்தல். எர்விங் காஃப்மன் 1952இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து எடுத்தது அது. காஃப்மன் எழுதியது ஏமாற்றுக்காரர்களைப் பற்றி. பணத்தைப் பறித்த கும்பல் ஓடிவிடும்; ஒருத்தன் மட்டும் பின்தங்கி நிற்பான். ஏமாந்தவன் போலீசுக்குப் போகாமல் இருக்க, தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்வான். திருவிழாவில் மூணு சீட்டு விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆளைத் தெரிந்திருக்கும்.

கிளார்க்கின் கட்டுரையை நான் படித்தது காலேஜின் சமூகவியல் வகுப்பில். விருப்பப் பாடம், மூன்று யூனிட். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு கவுன்சிலர் என்னிடம், ரொம்ப அன்பாக, கணினி அறிவியல் இப்போது கடும் போட்டி, நீ ஏன் நெட்வொர்க்கிங் சான்றிதழோடு நிறுத்தக்கூடாது, ஒன்றரை வருடத்தில் வேலைக்குப் போகலாமே என்று கேட்டிருந்தார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து உண்மையாகவே யோசித்தேன், அதுதான் கொடுமை. அம்மாவிடம்கூட சொல்லிவிட்டேன். அப்பாவின் முழங்கால் வலி, வாடகை எல்லாம் கணக்கில் வந்தது. கிளார்க்கைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். அந்த கவுன்சிலர் நல்லவர். நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு ஒருவர். அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணும் சரி. கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் நான்கு வருடப் பட்டம் வேண்டும் என்கிறார்கள். ஆறு வருடத்தில் அதை வாங்குபவர்கள் சுமார் ஆறில் ஒருவர்தான்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். 1960இல் இந்தத் திட்டம் போட்டபோது கணினி அறிவியல் என்று ஒரு துறையே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிடையாது. பர்டியூ 1962இல் தொடங்கியது, ஸ்டான்ஃபோர்டு 1965இல். பட்டப்படிப்பில் என்னென்ன இருக்கலாம் என்று ஏ.சி.எம். அமைப்பு முதல் பெரிய பாடத்திட்டத்தை வெளியிட்டது 1968இல். கால்குலஸ் அப்படி இல்லை. நியூட்டன் காலத்துச் சரக்கு; எந்தக் கல்லூரியில் படித்தாலும் தொகையீடு தொகையீடுதான். என் மூன்று செமஸ்டர் கால்குலஸ், இயற்பியல், நேரியல் இயற்கணிதம் எல்லாமே ஒரு கேள்வி இல்லாமல் மேலே போயின. அந்தச் சமூகவியலும் போனது! தகராறு பண்ணியது என் சொந்தத் துறைதான்.

ஏனென்றால் இந்தத் துறைக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஏ.பி. கணினித் தேர்வையே பாருங்கள்: 1984இல் பாஸ்கல், 1999இல் சி பிளஸ் பிளஸ், 2004இல் ஜாவா. ஒரு பல்கலைக்கழகம் முதல் வகுப்பைப் பைத்தானில் நடத்தும், பக்கத்து ஊர்க்காரர்கள் ஜாவாவில். கம்யூனிட்டி காலேஜ் ஒன்றுதான். அது ஒரே நேரத்தில் பத்துப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்த வேண்டும். எங்கள் காலேஜ் சி பிளஸ் பிளஸ்ஸைப் பிடித்துக்கொண்டது. கணினி அமைப்புப் பாடத்தை இன்டெல் எக்ஸ் 86 அசெம்ப்ளியில் நடத்தினார்கள். நான் சேர்ந்த பல்கலைக்கழகம் அதையே மிப்ஸ் கட்டளைத் தொகுப்பில் நடத்தியது.

ரெஜிஸ்டர் என்றால் என்ன, ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது ஸ்டாக்கில் என்ன நடக்கிறது, நினைவகத்திலிருந்து ஒரு எண் எப்படி வருகிறது — கருத்துகள் ஒன்றேதான். கட்டளைகளின் பெயரும் எண்ணிக்கையும் வேறு. அம்பாசடரில் ஓட்டக் கற்றவனை மாருதிக்காக மறுபடி எல்.எல்.ஆர். போடச் சொல்வது மாதிரி. இருபத்திரண்டு பக்கத்துக்கு சிலபஸ், வீட்டுப்பாடங்கள், தேர்வுத்தாள் எல்லாம் இணைத்து மனு கொடுத்தேன். ஒரே வரியில் பதில் வந்தது. அந்த ஒரு பாடம்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு வாசல். ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் அடுத்த மூன்று பாடங்களுக்கு வாசல். 60 யூனிட்டோடு மூன்றாம் வருட மாணவனாகப் போய்ச் சேர்ந்தேன். என் துறை அலுவலகத்தின் கணக்கில் நான் முதல் வருடத்துப் பையன்.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை. 2004க்கும் 2009க்கும் இடையில் கல்லூரி மாறியவர்கள் சராசரியாகத் தங்கள் யூனிட்டுகளில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. கலிஃபோர்னியா ஒன்றும் சும்மா இருக்கவில்லை. நான் பிரிண்ட் எடுத்த அந்த அட்டவணை அசிஸ்ட் என்ற தளத்திலிருந்து வந்தது. 1985 முதல் இருக்கிறது. 2010இல் ஒரு சட்டம் வந்தது: இரண்டு வருட டிரான்ஸ்ஃபர் பட்டம் முடித்தால் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் எங்காவது நிச்சயம் இடம். எங்காவது என்பதைக் கவனியுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் ஆறு மட்டும் தனியாக ஓர் உத்தரவாதம் தருகின்றன. சில வளாகங்களில் அந்த உத்தரவாதத்துக்கு வெளியே நிற்கும் முதல் துறை கணினி அறிவியல். இலவசம் என்ற வார்த்தையும் நிலைக்கவில்லை. 1978இல் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்டார்கள், உள்ளூர்ப் பணம் வற்றியது, 1984இல் யூனிட்டுக்கு 5 டாலர் என்று ஆரம்பித்தது.

இந்த இடத்தில் எல்லோரும் ஸ்டீவ் வாஸ்னியாக்கை இழுப்பார்கள். 1967இல் திறந்த டி ஆன்சா காலேஜில் அவர் ஒரு வருடம் படித்தார், பிறகு பெர்க்லிக்குப் போனார், ஆப்பிள் கம்ப்யூட்டரைச் செய்தார். எங்கள் காலேஜ் சுவரொட்டியிலும் அவர்தான் சிரித்தார். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறு இடம். அவர் பெர்க்லியைப் பாதியில் விட்டவர். பணம், பெயர் எல்லாம் வந்த பிறகு 1980களில் ராக்கி ரக்கூன் கிளார்க் என்ற பொய்ப் பெயரில் திரும்பிப் போய் வகுப்பில் உட்கார்ந்து பட்டத்தை முடித்தார். அவ்வளவு காசு இருந்தும் அந்த முடிக்காத பாடங்கள் அவரை என்னமோ செய்திருக்கின்றன.

நான் 2021இல் முடித்தேன். இரண்டு வருடம் என்றது மூன்று ஆனது. மிப்ஸ் வகுப்பில் முதல் ஆறு வாரம் எனக்குத் தெரிந்ததையே கேட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஏழாவது வாரத்தில் பைப்லைன் வந்தது, அது எனக்குத் தெரியாது. அதையும் சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழகம் முழுக்கத் தவறு என்று அன்றைக்குப் பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த ஆறு வாரத்துக்கும் சேர்த்துத்தான் அப்பா கல்லாவில் நின்றார்.

போன மாதம், காலேஜ் இரவு வகுப்பில் என்னோடு படித்த ஒருவர் கூப்பிட்டார். ஐம்பது தாண்டியவர், வியட்நாமில் பிறந்தவர், சிப் தொழிற்சாலையில் வேலை போய்ப் படிக்க வந்தவர். நடுவில் நிறுத்திவிட்டு இப்போது மறுபடி சேர்ந்திருக்கிறார். ஒரு காஃபிக் கடையில் நீல ஃபைலை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டவணையை விரலால் மேலிருந்து தடவிக்கொண்டே வந்தார். நான்காவது வரியில் விரல் நின்றது.

"இது இன்னும் அப்படியேதான் இருக்கா?"

போனில் தளத்தைத் திறந்தேன். இப்போது அங்கே வலது பக்கம் ஒரு பாடத்தின் பெயர் இருந்தது. மூன்று வரி தள்ளி, புதிதாகச் சேர்த்திருந்த ஒரு பாடத்துக்கு எதிரே, அந்தப் பழைய வாக்கியம்.