சாம்பல் நிற கிரேயான்

வண்ணம் தீட்டும் புத்தகம் என்றால் யானை, ஆப்பிள், வீடு, சூரியன். பிள்ளைகள் சமாச்சாரம். 1961-ல் சிகாகோவின் விளம்பரத் துறைக்காரர்கள் மூவர் - மார்சி ஹான்ஸ், டென்னிஸ் ஆல்ட்மன், மார்ட்டின் கோஹென் - இதை வைத்தே ஆபீஸ் அதிகாரிகளைக் கலாய்த்தார்கள். 'எக்சிக்யூட்டிவ் கலரிங் புக்' என்று பெயர்.

பக்கத்துக்கு ஒரு கோட்டுப்படம். அடியில் ஒன்றாம் வகுப்புப் பாடம் மாதிரி குட்டிக் குட்டி வாக்கியங்கள். ஒரு பக்கத்தில் அவருடைய சூட். சாம்பல் நிறம்தான் அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் மனுஷனுக்கு வேலை போய்விடும்! இன்னொன்றில் ஒரு மாத்திரை. போட்டுக்கொண்டால் எதைப் பற்றியும் கவலை வராதாம். படித்துச் சிரித்துவிட்டு, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றுகிறது. கோட்டைத் தாண்டி வண்ணம் போகக்கூடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தபோது என்ன வயதிருக்கும்?

அது ஓடியதும் அரசியல் நுழைந்தது. 1962-ல் ஜனாதிபதி கென்னடியைப் பற்றியே ஒரு புத்தகம். படங்கள் 'மேட்' பத்திரிகையின் மார்ட் டிரக்கர். கென்னடியின் சின்ன மகள் கரோலைன் பேசுவது போல எழுதியிருந்தார்கள். பதவியில் இருக்கும் தலைவரை இப்படிக் கிண்டலடித்த புத்தகம் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலிலும் ஏறியது. (நம்மூராக இருந்தால் பதிப்பாளர் வீட்டுக் கண்ணாடி மிஞ்சியிருக்குமா?) ரஷ்யாவின் குருஷ்சேவுக்கும் ஒரு புத்தகம் வந்தது. எந்த கிரேயான் முதலில் தீர்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2013-ல் ஜொஹானா பாஸ்ஃபோர்டின் 'சீக்ரெட் கார்டன்' வந்தபின் பெரியவர்கள் மறுபடி கலர் பென்சிலை எடுத்தார்கள். ஆபீஸ் அலுப்புத் தீர பூ, இலை, கொடி. சிகாகோக்காரர்கள் படமாக வரைந்து சிரித்த மாத்திரையை இப்போது புத்தகமாகவே அச்சடித்து விற்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பொழுதுபோக்காக நல்லதுதான். அறுபதுகளின் அந்தக் குசும்பைத்தான் காணோம்.