கிருபை கப்பலேறிய கதை

மருதமுனையில் சுன்னத்துக் கலியாண வீட்டு வட்டிலப்பத்தை ருசி பார்க்காதவர் இருக்க மாட்டார். அந்தச் சுன்னத்தை வைத்து எழுந்த ஒரு வழக்கில்தான், கிட்டத்தட்ட 1,970 ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்தவத்தின் மிகப் பெரிய வாதம் பிறந்தது. யூதரல்லாத ஒருவர் இயேசுவின் வழிக்கு வந்தால் அவருக்குச் சுன்னத்துச் செய்ய வேண்டுமா, வேண்டாமா? செய்தே ஆக வேண்டும் என்றார்கள் ஜெரூசலம் பக்கத்தார் சிலர். தேவையில்லை என்றார் இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல்.

பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். தறிச் சத்தத்தில் வளர்ந்த நம்மூராருக்கு அவரைப் பிடிக்கத்தான் செய்யும். அவருடைய வாதம் ஒரு கணக்குப்பிள்ளையின் வாதம். இப்றாஹீம் நபியை இறைவன் நீதிமானாக ஏற்றது எப்போது? அவர் நம்பியபோது. சுன்னத்து வந்தது எப்போது? அதற்கும் பிறகு. அப்படியென்றால், நீதிமான் ஆவது சுன்னத்தையும் உள்ளடக்கிய யூதச் சட்டமான நியாயப்பிரமாணத்தைக் கடைப்பிடிப்பதால் அல்ல. இறைவன் இலவசமாகத் தரும் கிருபையை விசுவாசத்தால் ஏற்றுக்கொள்வதால்தான். திகதி பார்த்தே வழக்கை முடித்துவிட்டார் மனிதர்.

இதையே விரித்து, ஏறக்குறைய கி.பி. 57இல், கொரிந்துவிலிருந்து உரோமாபுரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. அதை எடுத்துச் சென்றவர் கெங்கிரேயாத் துறைமுகத்துப் பெபேயாள் என்ற பெண்மணி என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவர் ஏறிய கப்பல் கவிழ்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பிறகு வட ஆபிரிக்காவின் ஆயர் அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டில் அதே கடிதத்தை வைத்துக்கொண்டு பெலாஜியஸ் என்ற துறவியோடு மல்லுக்கட்டினார். மனிதன் தன் முயற்சியால் நல்லவனாகிவிடலாமா என்பதே தகராறு; கிருபை இல்லாமல் முடியாது என்றார் அகுஸ்தீன். அவர் பெயரில் அமைந்த துறவியர் சபையில் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு சேர்ந்தவர் மார்ட்டின் லூதர். நோன்பும் பாவசங்கீர்த்தனமும் எவ்வளவு செய்தும் மனம் ஆறாமல், 1515இல் விட்டன்பர்க்கில் உரோமர் கடிதத்தைப் பாடம் நடத்தத் தொடங்கினார். 1522இல் ஜெர்மன் மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது அக்கடிதத்துக்கு ஒரு முன்னுரையும் எழுதினார். இந்த முன்னுரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஊரில் அது மறுபடி வரும். கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்துச் சங்கத்தில், விசுவாசத்தால் மட்டுமே நீதிமான் ஆகிறோம் என்ற லூதரின் போதனையை மறுத்துத் தீர்ப்பு எழுதியது.

தமிழ்க் கரைக்கு லூதரின் அந்தக் கருத்து வந்தது தென்மார்க்கு அரசரின் செலவில். 1706 ஜூலையில் லூதரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அவருக்கென்று இலண்டன் நண்பர்கள் அனுப்பிய அச்சு இயந்திரம் பட்ட பாடு தனிக் கதை. ரியோ டி ஜெனிரோவில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். பணம் கொடுத்து மீட்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்தார். இயந்திரம் மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளோ தாளைத் தின்னும் அளவுக்குப் பெரியவை. பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிப் பொறையாற்றில் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்பார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சில் வந்தது. நியாயப்பிரமாணமும் கிருபையும் மோதிய அந்தக் கடிதம் அப்போதுதான் தமிழ் அச்சு கண்டது.

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதே காலத்தில்தான். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் ஆங்கிலத்தில் புத்தகமாயின. 1712 வாக்கில் இங்கிலாந்தின் எப்வர்த் என்ற சிற்றூரில் பாதிரியார் வீட்டு அம்மா சூசன்னா வெஸ்லி அதைப் படித்தார். மனம் உருகிப்போய், ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசத் தொடங்கினார். வியாழக்கிழமை எட்டு வயது ஜோனுடைய முறை. அந்த ஜோன் வெஸ்லி வளர்ந்து பாதிரியாராகி, ஒழுங்கும் நோன்பும் கடைப்பிடித்துக் களைத்து, 1738 மே 24 இரவு இலண்டன் அல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில் வேண்டாவெறுப்பாகப் போய் உட்கார்ந்தார். அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தது லூதரின் அதே முன்னுரை. அவர் தொடங்கிய மெதடிஸ்த இயக்கம் தன் வேகத்தை அந்த இரவிலிருந்தே கணக்கிடுகிறது.

இதற்கிடையில் நம் தீவில் ஒல்லாந்தர் ஒரு வேடிக்கை செய்தார்கள். அவர்களும் கிருபையைப் போதித்த சீர்திருத்தச் சபையினர்தான். ஆனால் ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரச உத்தியோகம் கிடைப்பது அரிது. கலியாணங்களும் பள்ளிக்கூடத் தோம்பில், அதாவது பதிவேட்டில், ஏற வேண்டும். சட்டத்தால் யாரும் நீதிமான் ஆவதில்லை என்ற போதனையைச் சட்டம் போட்டே பரப்பினார்கள்! 1796இல் ஆங்கிலேயர் வந்ததும் தோம்புக் கிறிஸ்தவர்கள் வேகமாகக் குறைந்து போனதில் ஆச்சரியமில்லை.

மட்டக்களப்புக்கு அந்தப் போதனை சட்டத்தின் துணையில்லாமல் வந்தது 1814இல். மெதடிஸ்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய தோமஸ் கோக் அந்த மே மாதம் இந்து சமுத்திரத்திலேயே இறந்துபோக, மற்றவர்கள் கையில் காசில்லாமல் பம்பாயில் நின்றார்கள். கடன் கொடுத்தவர் ஒரு வணிகர். அவருடைய குடும்பப் பெயர் மனி! காலியில் இறங்கிய குழு பிரிந்தது. வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். அவருடைய மனைவி கடற்பயணத்திலேயே இறந்திருந்தார். எட்டு மாதத்துக்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கிவிட்டு, 1815 ஏப்ரல் 1இல் அவரும் போய்ச் சேர்ந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் பிறப்பை அவரிடமிருந்துதான் எண்ணுகிறது. அதே கிளையின் நீட்சிதான் நமக்குப் பக்கத்தில், கல்முனையில் இருக்கும் மெதடிஸ்தத் தேவாலயமும் உவெஸ்லி பாடசாலையும்.

யாழ்ப்பாணத்தில் கதை இன்னும் சூடு பிடித்தது. மெதடிஸ்தப் பாதிரியார் பீற்றர் பேர்சிவல் விவிலியத்தைத் தமிழாக்கத் துணைக்கு வைத்துக்கொண்டவர், தன் பள்ளியில் படித்த சைவ இளைஞர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளியானது. அதற்கு நான்கு ஆண்டு கழித்து நாவலர் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார். எங்கள் அபிஷேகத்தையும் தூப தீபத்தையும் பழிக்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டு ஆலயத்தில் கடவுள் கட்டளையிட்டவை வேறென்ன என்று புத்தகத்தை வரி வரியாகத் திருப்பிக் காட்டினார். பாதிரிமாருக்கு இருந்த பதில் பவுலின் பதில்தான்: அந்தப் பிரமாணம் கிறிஸ்துவோடு முடிந்தது. சுன்னத்து வழக்கு விபூதி வழக்காக வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நின்றது. சொந்த ஆயுதத்தையே எதிராளி கையில் கொடுத்துப் பழக்கிய இப்படியொரு விவாதம் தமிழில் வேறு உண்டா, தெரியவில்லை.

இந்த முழுப் பயணத்திலும் என் கண்ணில் பட்டது ஒன்று. சட்டத்தால் அல்ல என்று சொன்ன கருத்து, போன ஊரிலெல்லாம் தோம்பு, பாடசாலை இடாப்பு, சபை ஒழுங்கு என்று தனக்கொரு சட்டத்தையும் கட்டிக்கொண்டது. மெதடிஸ்தர் என்ற பெயரே அவர்களுடைய கறாரான ஒழுங்கைக் கேலி செய்து வைத்ததுதான். எந்த மார்க்கத்தாருக்கும் இந்த இழுபறி புதிதல்ல. ஒருவருடைய அமல் மட்டும் அவரைச் சுவர்க்கத்தில் சேர்க்காது, அல்லாஹ்வின் ரஹ்மத் வேண்டும், தனக்கும் அப்படியே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை நாமும் கேட்டிருக்கிறோம். அதற்காக ஐவேளைத் தொழுகையை யாரும் விடுவதில்லை.

லூதருக்கும் ரோமுக்கும் நடந்த வழக்கு 1999 ஒக்டோபர் 31இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டு அறிக்கையில் சமாதானமானது. கிருபையால்தான் ஏற்கப்படுகிறோம், நற்செயல்கள் அதன் கனி என்பதில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. எஞ்சிய வேறுபாடுகளுக்காக ஒருவரையொருவர் இனிக் கண்டிப்பதில்லை என்றன. 2006இல் சியோலில் உலக மெதடிஸ்தப் பேரவையும் அதில் சேர்ந்தது. ஆகவே கல்முனையில் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் இந்த ஒரு விஷயத்துக்காகச் சண்டை பிடிக்க உத்தியோகபூர்வமாக இப்போது காரணம் எதுவும் இல்லை.